கழுதைப்புலி எந்த வரிசை

பதினோராம் பாகம், நாற்பத்திரண்டாம் பக்கம்.
பள்ளி உணவுக்கூடம்.
இடப்பக்கம் புல் தின்பவர்கள் தட்டோடு நிற்கிறார்கள்:
மான், இரண்டு முயல்கள், கண்ணாடி போட்ட செம்மறி.
வலப்பக்கம் பல்லை மறைத்துப் பேசப் பழகியவர்கள்.
நடுவே தரையில் ஒரு மஞ்சள் கோடு.
கோட்டின் மேல்
அன்று காலை சேர்ந்த மாணவி,
முதுகு கூனி, சட்டைக் காலரைக் கடித்தபடி.

ஜப்பான்காரர் அவளுக்கு வைத்த சொல்லுக்குள்
வேறு மிருகம் எதுவும் இல்லை.
நான்தான் பலூனை வெள்ளையடித்து
கழுதைப்புலி என்று எழுதினேன்.
எழுதி முடித்துப் பார்க்கிறேன்,
கழுதை ஒரு வரிசை, புலி ஒரு வரிசை.
கதையிலேயே இல்லாத ஒரு வழக்கை
என் மொழி அவள் மேல் போட்டுவிட்டது.

பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் ரோட்டில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஒரே அறை.
சரக்கு ரயில் போனால் மேசை நடுங்கும்,
ஓநாயின் மீசை கோணிக்கொள்ளும்.

பதிப்பகத்தில் சொன்னார்கள்:
பக்கத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிவிடு,
நம் பிள்ளைகள் புத்தகத்தைக் கடைசியிலிருந்து தொடங்க மாட்டார்கள்.
திருப்பினேன்.
ஓநாயின் தழும்பு மறு கன்னத்துக்குப் போயிற்று.
எல்லோரும் பீச்சாங்கையால் சாப்பிடுகிறார்கள்.
புல் தின்பவர்கள் வலப்பக்கம் வந்துவிட்டார்கள்.
இடங்கை, வலங்கை என்று
எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்பதற்காக
மண்டை உடைத்துக்கொண்ட கரை இது.
ஒரு பொத்தானில் மாறிவிட்டது.
கோடு மட்டும் அப்படியே நடுவில்.

போன வாரம் மஞ்சக்குப்பத்தில் வீடு பார்க்கப் போனோம்,
நானும் அஞ்சலாட்சியும்.
சபாநடேசன் சார் ஃபேன் போட்டார், பானைத் தண்ணீர் கொடுத்தார்.
சாதி கேட்கவில்லை. படித்தவர்.
"சமையல் எப்படி?" என்று மட்டும் கேட்டார்.
தேவனாம்பட்டினத்தில் பிறந்தவள்,
வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தே
எந்த நாள் வலையில் விழுந்தது என்று சொல்லக்கூடியவள்,
துப்பட்டா முனையை வாயருகே கொண்டுபோய்
"முட்டை மட்டும்" என்றாள்.
நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.
அந்த நாளைக்கு இன்றோடு வயது ஒன்பது.

இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு புலி உண்டு.
வழுக்காமல் மரமேறிப் பூப் பறிக்க
புலிக்கால் கேட்டு வாங்கிய முனிவரைச் சொல்வார்கள்.
மேலே ஜடாமுடி, கீழே நகம்.
அவரை யாரும் எந்த வரிசை என்று கேட்டதாகத் தெரியவில்லை.
பூவோடு போனதால் இருக்கலாம்.
பசித்த இரவில் அந்தக் கால்கள் எங்கே போயின
என்பதைப் பற்றிப் புராணம் வாய் திறப்பதில்லை.

ஜெராக்ஸ் கடைக்காரர் மகன் தேசிங்கு
ஈரம் காயாத பக்கங்களைத் திருடிப் படிக்கிறான்.
"அக்கா, இது சிரிக்குதே,
சிரிக்கிறது கழுதையா, புலியா?"
இஞ்சி மரப்பா வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அவள் சிரிப்புக்கு இன்னும் எழுத்து கிடைக்கவில்லை.
மூலத்தில் அது பக்கம் முழுக்க நிற்கிறது,
கட்டங்களை மிதித்துக்கொண்டு.
ஹிஹி என்றால் குழந்தை.
கெக்கெக்கே என்றால் சூனியக்காரி.
ஹாஹா என்றால் வில்லன்.

ராத்திரி பத்தரை.
ஜன்னல் இடுக்கில் பழைய பேப்பரைத் திணித்துவிட்டு
அஞ்சலாட்சி நெத்திலி வறுக்கிறாள்.
இங்கே கேட்க யாரும் இல்லை, கீழே ஷட்டர் இறங்கியாயிற்று,
ஆனாலும் கை தானாகத் திணிக்கிறது.
எண்ணெய் தெறித்து, புகை கண்ணில் ஏறி,
"முட்டை பொரியுது சார், முட்டை!" என்று
அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.
நிற்கவில்லை. இருமலும் அதற்குள் வந்தது.

பேனாவை எடுத்தேன்.
ஒற்றெழுத்தில் தொடங்கக் கூடாது என்பார்கள் தமிழில்.
க்
என்று தொடங்கினேன்,
கோட்டுக்கு இந்தப் பக்கம்.
மிச்சம் எந்தப் பக்கம் முடிகிறதோ தெரியவில்லை,
நெத்திலி ஆறுகிறது என்று கூப்பிடுகிறாள்.